பழைய பெண்டிக்ஸ், லாண்ட்ரோமேட் வாஷிங் மெஷின்கள் மக்கர் பண்ணினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு பேஸ்மென்ட்டில் சில சமயம் ஒரு வாஷிங் மெஷினும் சேர்ந்தே கிடைக்கும். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு, கனத்த எனாமல் பூச்சு, ஒன்றோ இரண்டோ டயல். 1937-இல் சந்தைக்கு வந்த பெண்டிக்ஸ், 1940-இல் வந்த வெஸ்டிங்ஹவுஸ் லாண்ட்ரோமேட், 1950களில் இவற்றின் வழிவந்த மாடல்கள் ஆகியவைதான் என் கைக்கு அதிகம் வருகின்றன. எலக்ட்ரானிக் போர்டு எதுவும் கிடையாது. மோட்டார், பெல்ட், டைமர், நாலைந்து காயில், கொஞ்சம் ரப்பர், அவ்வளவுதான். பெரும்பாலான பிழைகளைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டுமே பிடித்துவிடலாம்.

இந்த மெஷின்களைப் பற்றி நான் அதிகம் கேட்கும் தீர்ப்பு, "கியர்பாக்ஸ் போச்சு, தூக்கிப் போடுங்க" என்பது. அப்படிச் சொல்லப்பட்டு வந்தவற்றில் பெரும்பாலானவை நுரை, தளர்ந்த பெல்ட், இறுகிப்போன ரப்பர், கறுத்த கான்டாக்ட் (மின் தொடுமுனை) என்றுதான் முடிந்திருக்கின்றன. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். கியர்பாக்ஸ் கடைசி.

கை வைக்கும் முன்

பல வருடம் சும்மா கிடந்த மெஷினை ஆர்வத்தில் ப்ளக்கில் சொருகாதீர்கள். முதலில் பின்பலகையைக் கழற்றி வயர்களைப் பாருங்கள். அந்தக் காலத்து ரப்பர் உறை, துணி உறை எல்லாம் மடக்கினாலே உதிரும். உதிர்ந்தால் அந்த வயரை மாற்றிய பிறகுதான் கரண்ட். வெளி கார்டில் ரெண்டு பின் ப்ளக் இருந்தால், எர்த்தோடு கூடிய மூன்று கம்பி கார்டு போட்டு, எர்த் கம்பியை மெஷினின் இரும்புச் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் முறுக்கிவிடுங்கள்.

கெப்பாசிட்டர் இருக்கும் மாடலானால், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். எண்ணெய் நிரப்பிய உலோக டப்பா கெப்பாசிட்டரில் கசிவு தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அமெரிக்காவில் 1979-க்கு முன் செய்த இந்த ரகத்தில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. குப்பைத் தொட்டியில் போடாமல் உங்கள் ஊர் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

பின்பலகையின் உட்பக்கத்தில் மின்சுற்றுப் படம் ஒட்டியிருந்தால் அது புதையல். துடைக்கக்கூட வேண்டாம், முதலில் போட்டோ எடுங்கள். தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்டிக்ஸ் வீட்டுச் சாதனக் கம்பெனி 1950-இல் ஆவ்கோ கைக்கும், 1956-இல் பில்கோ கைக்கும் போனது. ஆகவே பிந்திய மெஷின்களுக்குப் பாகம் தேடும்போது பில்கோ-பெண்டிக்ஸ் என்றும் தேடுங்கள்.

அறிகுறி 1: ஆன் செய்தால் உயிரே இல்லை

*சுவரில் கரண்ட் இருக்கிறதா?* அதே ப்ளக்கில் ஒரு டேபிள் லாம்ப் போட்டுப் பாருங்கள்.

*கதவு சரியாக மூடியிருக்கிறதா?* கதவு சுவிட்ச் உள்ள மாடல்களில் கதவின் கொக்கி தேய்ந்திருந்தால் கதவு மூடியதுபோல் தெரியும், சுவிட்ச் மட்டும் அழுந்தாது. கதவைக் கையால் அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்து பாருங்கள். ஓடினால் கொக்கியைச் சரிசெய்தால் போதும்.

*டயல் ஆஃப் நிலையில் பாதியில் நிற்கிறதா?* ஒரு படி முன்னால் திருப்புங்கள். எப்போதும் கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும், அதுவும் மெஷின் ஆஃபில் இருக்கும்போது. எதிர்த்திசையில் வலிந்து திருப்பினால் உள்ளே இருக்கும் கான்டாக்ட் பட்டைகள் வளைந்துவிடும். அந்தச் செலவை நீங்களே வரவழைத்ததாகிவிடும்.

*மோட்டாரின் ஓவர்லோடு சுவிட்ச்.* சூடேறி அது கரண்ட்டைத் துண்டித்திருந்தால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு ஓடினால் பிழை இங்கே இல்லை, அறிகுறி 4-க்குப் போங்கள்.

இத்தனையும் சரியென்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து கார்டு, கதவு சுவிட்ச், டைமரின் முதல் கான்டாக்ட் என்று வரிசையாகத் தொடர்ச்சி பாருங்கள். எங்கே அறுகிறதோ அங்கேதான் பிழை.

அறிகுறி 2: தொட்டால் சுர்ரென்கிறது, அல்லது ஜிஎஃப்சிஐ விழுகிறது

சுர்ரென்றால் உடனே நிறுத்துங்கள். "ஈரக்கையோடு தொட்டேன், அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஜிஎஃப்சிஐ என்பது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு ப்ளக். 5 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும். ஈரமான பேஸ்மென்ட்டில் கிடந்த மோட்டாரில் அந்த அளவு கசிவது சகஜம். கசிவது எந்தப் பாகம் என்று பிரித்துப் பாருங்கள். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். விழவில்லையென்றால் மோட்டார். விழுந்தால் தண்ணீர் வால்வு, வடிகால் காயில், டைமர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.

மோட்டார்தான் என்றால் வெயில்படும் உலர்ந்த இடத்தில் சில நாள் வையுங்கள். பிறகு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து காயிலுக்கும் உடலுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ரீவைண்டிங் கடைக்குப் போகவேண்டியதுதான். ஜிஎஃப்சிஐயைக் கழற்றிவிட்டுச் சாதாரண ப்ளக் போடும் யோசனை மட்டும் வேண்டாம்.

அறிகுறி 3: தண்ணீர்த் தகராறு

*3அ. தண்ணீர் வரவேயில்லை, அல்லது நூலாக வருகிறது*

சூடு, குளிர் இரண்டு குழாயும் திறந்திருக்க வேண்டும். கலவை வால்வு உள்ள மெஷின்களில் ஒன்று மூடியிருந்தால் சில சுற்றுகள் மட்டும் வேலை செய்யும், மற்ற நேரம் மெஷின் வறண்டு நிற்கும். பலர் இதற்கே டைமரைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்தது, ஹோஸ் மெஷினோடு சேரும் இடத்தில் உள்ள சிறிய வலை. பழைய இரும்புக் குழாய் வீடுகளில் துரு மண் அதை அடைத்துவிடும். வெளியே எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

வலை சுத்தமென்றால் வால்வு காயிலை அளந்து பாருங்கள். சில நூறு முதல் ஆயிரம் ஓம் வாக்கில் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதுவும் காட்டவில்லையென்றால் காயில் அறுந்துவிட்டது.

பழைய மாடல்களில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சுவிட்ச் இல்லாமல் இருக்கலாம். டைமர் எத்தனை நிமிடம் வால்வைத் திறக்கிறதோ அவ்வளவு தண்ணீர்தான். அந்த ரகத்தில் குழாய் அழுத்தம் குறைந்தால் டிரம்மில் தண்ணீர் மட்டமும் குறையும், துணி வெளுக்காது. சோப்பை மாற்றிப் பயனில்லை. ஒரு வாளியை ஹோஸுக்கு அடியில் வைத்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

*3ஆ. தண்ணீர் நிற்காமல் வருகிறது*

இதற்கு ஒரே ஒரு சோதனைதான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்குங்கள்.

தண்ணீர் தொடர்ந்து வந்தால் பிழை வால்வுக்குள்ளேதான். மண் சிக்கியிருக்கும், அல்லது உள்ளே உள்ள ரப்பர் தட்டு இறுகிப் போயிருக்கும். வால்வைப் பிரித்துச் சுத்தம் செய்து ரப்பர் மாற்றுங்கள். அசல் ரப்பர் கிடைக்காவிட்டால் அதே தடிமனில் நைட்ரைல் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நல்லது. அதற்குக் கரண்ட் கொடுப்பவர்தான் நிறுத்த மறக்கிறார். பிரஷர் சுவிட்ச் (தண்ணீர் மட்டத்தை அளப்பது) உள்ள மாடலில் டப்பிலிருந்து, அதாவது டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளித் தொட்டியிலிருந்து, சுவிட்சுக்குப் போகும் ஒல்லி ரப்பர் டியூபைக் கழற்றி வாயால் மெதுவாக ஊதுங்கள். 'க்ளிக்' கேட்டால் சுவிட்ச் சரி, டியூபில் விரிசலோ சோப்பு அடைப்போ இருக்கிறது. கேட்காவிட்டால் சுவிட்ச். இரண்டும் சரியென்றால்தான் டைமர் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும்.

*3இ. தண்ணீர் வடியவில்லை*

வடிகால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, அதன் முனை செருகியிருக்கும் தரைக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பம்ப் உள்ள மாடலானால் பம்ப் வாயில் ஹேர்பின், சட்டைப் பொத்தான், குழந்தைகளின் சாக்ஸ் இருக்கும். பம்ப் இல்லாமல் காயில் இழுத்துத் திறக்கும் வடிகால் வால்வு மட்டும் உள்ள மாடல்களில் தண்ணீர் தானாகவே கீழே இறங்க வேண்டும். யாராவது அதன் ஹோஸைச் சிங்க் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தால் என்ன செய்தாலும் வடியாது.

அறிகுறி 4: மோட்டார் உறுமுகிறது, டிரம் அசையவில்லை

உறுமலைக் கேட்டதும் ஆஃப் செய்யுங்கள். சுற்றாமல் உறுமும் மோட்டாரை அப்படியே விட்டுவைத்தால் காயில் கருகும்.

ப்ளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து டிரம்மைக் கையால் சுற்றுங்கள்.

*கையாலும் சுற்றவில்லை.* டிரம்முக்கும் வெளி டப்புக்கும் நடுவே ஏதோ சிக்கியிருக்கிறது. பிராவின் கம்பி, காசு, பேனா மூடி வழக்கமான ஆட்கள். டார்ச் அடித்து டிரம்மின் துளைகள் வழியே பாருங்கள். பல வருடம் கிடந்த மெஷினானால் பேரிங்கும் துருவால் இறுகியிருக்கலாம். அப்படியானால் பலம் காட்டாதீர்கள், அறிகுறி 8-ஐப் பாருங்கள்.

*கையால் லேசாகச் சுற்றுகிறது.* பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஆன் செய்யுங்கள். மோட்டார் தானாக ஓடினால் குற்றம் பெல்ட்டிலோ அதற்கு அப்பாலோ. மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் ஆஃப் செய்து, புல்லியைக் கையால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, கையை முழுதாக விலக்கிக்கொண்டு உடனே ஆன் செய்யுங்கள். இப்போது ஓடினால் மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட் மின்சுற்றில் பிழை. ஸ்டார்ட் கெப்பாசிட்டர் இருந்தால் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சின் (மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட் மின்சுற்றைத் துண்டிப்பது) கான்டாக்ட் கறுத்திருக்கும். 400 நம்பர் எமரித் தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும்.

புஷ் பேரிங் (குண்டு இல்லாத குழல் வடிவப் பேரிங்) வைத்த மோட்டார்களின் இரு முனையிலும் எண்ணெய் விடும் சிறு துளை இருக்கும். டிடர்ஜென்ட் கலக்காத 20 கிரேடு எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள். ஸ்ப்ரே டப்பாவில் வரும் துரு நீக்கி எண்ணெயல்ல. அதை விட்டால் ஒரு வாரம் ஓடும், பிறகு முன்னைவிட மோசமாக இறுகும்.

*பெல்ட்.* நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்க வேண்டும். பளபளவென்று கண்ணாடிபோல் மின்னினால் வழுக்குகிறது என்று பொருள். பழைய பாக எண்ணைத் தேடி அலையாதீர்கள். அகலத்தையும் வெளிச்சுற்று நீளத்தையும் அளந்துகொண்டு தொழிற்சாலை பெல்ட் கடைக்குப் போங்கள். அரை அங்குல அகலமென்றால் 4எல் வரிசை பெல்ட் என்று கேளுங்கள்.

அறிகுறி 5: துவைக்கிறது, ஆனால் பிழியவில்லை

இதற்குத்தான் அநேகமாக எல்லோரும் கியர்பாக்ஸைச் சந்தேகிக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

*முதல் சந்தேகம்: நுரை.* ஸ்பின் தொடங்கும் நேரத்தில் கண்ணாடி வழியே பாருங்கள். நடுவே துணி தெரியாமல் வெள்ளையாக நுரை மட்டும் தெரிந்தால், டிரம்முக்கும் டப்புக்கும் இடையே இருக்கும் சந்து முழுக்க நுரை அடைத்துக்கொண்டிருக்கிறது. டிரம் அந்த நுரையை இழுத்துக்கொண்டு சுற்றப் பார்க்கும், வேகம் ஏறாது, மோட்டார் முனகும், கடைசியில் ஓவர்லோடு சுவிட்ச் விட்டுவிடும். பம்புக்கும் நுரையை இழுக்கத் தெரியாது. மெக்கானிக் வந்து பார்ப்பதற்குள் நுரை அடங்கிவிடுவதால், அவருக்கு நோயின் தடயமே கிடைக்காது.

இந்தத் தொல்லை மெஷின் பிறந்த நாளிலிருந்தே உண்டு. இதற்காகவே அமெரிக்காவில் 1954-இல் டேஷ், ஜெர்மனியில் 1957-இல் டிக்ஸான் என்று நுரை குறைந்த சோப்புத் தூள்கள் வந்தன. இன்று ஹெச்இ என்று குறியிட்ட தூளே போதும். அதிலும் ஒரு மேஜைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கைத்துவைப்புக்கு விற்கும் நீலத்தூள் பாக்கெட்டைக் கிட்டேகூடக் கொண்டுபோகாதீர்கள்.

சோதனை சுலபம். துணி இல்லாமல், சோப்பு இல்லாமல், வெந்நீரில் ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். கண்ணாடிக்குள் நுரை எழும்பினால் அது பழைய சோப்பு, டப்பின் உட்புறத்தில் சாம்பல் நிறப் பிசினாகப் படிந்திருப்பது. நுரை வராத வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். சில மெஷின்களுக்கு ஒரு மாலைப் பொழுது முழுக்க ஆகும். பிறகு துணி போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஸ்பின் இங்கேயே திரும்பிவிடும்.

*இரண்டாவது: தண்ணீர் முழுக்க வடிந்ததா?* வடியாமல் ஸ்பின் ஏறாது. 3இ-க்குப் போங்கள்.

*மூன்றாவது: பெல்ட்.* மெதுவான துவைப்பில் பிடிக்கும் பெல்ட் ஸ்பின்னின் சுமையில் வழுக்கும். கருகிய ரப்பர் வாசனை வந்தால் இதுதான்.

*நான்காவது: வேகம் மாற்றும் சொலினாய்டு (கரண்ட் வந்தால் இரும்புத் தண்டை இழுக்கும் காயில்).* காயில் வேகத்தை மாற்றும் மாடல்களில், டைமர் ஸ்பின்னுக்குப் போகும் நொடியில் அது 'டக்'கென்று இழுக்கும். சத்தமே இல்லையென்றால் காயில் முனைகளில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் இழுக்கவில்லையென்றால் காயில் போயிருக்கிறது, அல்லது அதன் இரும்புத் தண்டு துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. தண்டை வெளியே எடுத்து, துருவை நீக்கித் துடைத்து, எண்ணெய் போடாமல் உலர்ந்தபடியே திரும்பச் செருகுங்கள். எண்ணெய் போட்டால் பஞ்சும் தூசியும் ஒட்டி மறுபடி சிக்கும். கரண்டே வரவில்லையென்றால் டைமரின் அந்த ஒரு கான்டாக்ட்.

*ஐந்தாவது: கியர்பாக்ஸ் எண்ணெய்.* அடியில் கறுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேட்டில் சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். எண்ணெயோடு வெள்ளியாக உலோகத்தூள் மின்னினால் அங்கேயே நிறுத்துங்கள்.

இத்தனையும் பார்த்து முடித்து, இன்னும் பிழியவில்லையென்றால், அப்போது சொல்லலாம் கியர்பாக்ஸ் என்று. அதைத் திறப்பது பழைய மெஷின் தெரிந்தவர் வேலை. பற்சக்கரத்துக்குப் புதிது கிடைக்காது. இன்னொரு மெஷினிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அறிகுறி 6: மெஷின் நடக்கிறது, வீடே அதிர்கிறது

உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று முதலில் தெரிய வேண்டும். ஆரம்பகாலப் பெண்டிக்ஸில் ஸ்பிரிங் தொங்கல் கிடையாது. டப் நேராகச் சட்டத்தில் பிடித்திருக்கும், சட்டம் நேராகத் தரையில் போல்ட் போட்டிருக்கும். அதிர்வை வாங்கிக்கொள்வது வீட்டின் தரைதான். 1951-இல் ஜெர்மனியில் வந்த கான்ஸ்ட்ரக்டாவும் அப்படித்தான், கான்கிரீட் மேடை கேட்கும். லாண்ட்ரோமேட்டும், பெண்டிக்ஸின் பிந்திய கைராமேட்டிக்கும் போல்ட் இல்லாமல் நிற்கச் செய்யப்பட்டவை.

*6அ. போல்ட் ரகம்*

நாலு போல்ட்டும் இறுக்கமா? கான்கிரீட்டில் பதித்த நங்கூரம் ஆடுகிறதா? போல்ட்டை மேலே இழுத்துப் பாருங்கள். ஆடினால் துளையைச் சுத்தம் செய்து, இப்போது கிடைக்கும் எபாக்ஸி நங்கூரம் போட்டுவிடுங்கள். மெஷின் தட்டையாக உட்காராமல் ஒரு மூலை தூக்கியிருந்தால், போல்ட்டை இறுக்கி அதைக் கீழே இழுக்காதீர்கள். சட்டம் முறுக்கிக்கொள்ளும். அந்த மூலைக்கு இரும்புத் தகடு கொடுத்துச் சமன் செய்துவிட்டு இறுக்குங்கள்.

அதிர்வு தாங்காமல் போல்ட்டுக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்திருப்பார்கள். எடுத்து எறியுங்கள். இந்த ரகம் தரையோடு ஒன்றாக இருந்தால்தான் அடங்கும். ரப்பர் வைத்தால் ஆட்டம் கூடும், ஒருநாள் போல்ட்டை அறுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

மரத்தளம் போட்ட மாடியில் இதை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. உத்தரத்தின்மேல் வைத்தாலும் கூடாது.

*6ஆ. தொங்கல் ரகம்*

சமீபத்தில் இடம் மாற்றினீர்களா? பயணத்துக்காக டப்பைப் பூட்டிய போல்ட் கழற்றப்படாமல் இருக்கும். அதற்குப் பிறகு நாலு காலும் தரையில் படுகிறதா என்று பாருங்கள். மூலைக்கு மூலை அழுத்தினால் தட்டாமல் இருக்க வேண்டும். ஸ்பிரிங் கொக்கி தேய்ந்து மெலிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஆட்டத்தை அடக்கும் உராய்வுப் பட்டைகளில் எண்ணெய் பட்டிருந்தால் ஆல்கஹாலால் துடையுங்கள். 'கிறீச்' கேட்கிறதே என்று யாராவது எண்ணெய் விட்டிருப்பார்கள்.

*இரண்டுக்கும் பொது*

ஒற்றைக் கனத்த துணி. ஒரு பெட்ஷீட்டோ ஒரு ஜீன்ஸோ தனியாகப் போட்டால் அது ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு சுழலும். கூடவே நாலு சிறிய துணி போடுங்கள். இன்றைய மெஷின் தன்னால் நிறுத்தி மறுபடி பரப்பிப் பார்க்கும், இதற்கு அந்த அறிவு கிடையாது.

அறிகுறி 7: தரையில் தண்ணீர்

எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். மெஷினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து ஒரு சுற்று ஓட்டுங்கள். முதலில் நனையும் இடம் உண்மையைச் சொல்லிவிடும்.

*முன்பக்கம்:* கதவு ரப்பர். மடிப்புக்குள் முடி, நூல், சோப்புக் கட்டி இருந்தால் துடைத்தாலே நின்றுவிடும். இறுகி விரிசல் விட்டிருந்தால் மாற்ற வேண்டும். அதே மாடலுக்கு அச்சில் வார்த்த ரப்பர் கிடைக்காதபோது, தட்டையான கேஸ்கெட் உள்ள கதவுகளுக்கு அதே குறுக்களவு சிலிக்கான் ஸ்பாஞ்ச் கயிறு பொருந்தும். கதவு இடைவெளியில் சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கி அடைக்கும் வேலை வேண்டாம். அடுத்தவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் எனாமல் போய்விடும்.

*நடுவில்:* ஹோஸ் கிளாம்ப், பம்ப் சீல், வடிகால் வால்வு ரப்பர். மலிவானவை, எளிதில் மாற்றலாம்.

*பின்பக்கம்:* டப்பின் பின்சுவரில் தண்டு வெளிவரும் இடத்திலிருந்து கீழே துரு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தால் தண்டு சீல் போய்விட்டது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். சீல் வழியே வரும் சோப்புத் தண்ணீர் அடுத்து நுழைவது பேரிங்குக்குள்.

*எங்கும் இல்லை, ஆனால் தண்ணீர் இருக்கிறது:* நுரை. மேலே உள்ள சோப்பு வாய் வழியாகப் பொங்கி, மெஷினின் உட்பக்கமாக இறங்கியிருக்கும்.

அறிகுறி 8: சத்தம்

டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டப் சேர்ந்து அசைந்தால் பரவாயில்லை. டிரம் மட்டும் தனியே ஆடி 'டொக்' என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றி டிரம்மைக் கையால் சுற்றினால் அம்மியில் அரைப்பதுபோல் கரகரவென்று கேட்கும். சத்தம் நிறையக் கேட்டால் செலவும் நிறைய என்று நினைக்க வேண்டாம். தளர்ந்த புல்லித் திருகும் சட்டத்தில் உரசும் பின்பலகையும் பேரிங்கைவிட அதிகமாகக் கத்தும்.

பேரிங் மாற்றுவது ஒருநாள் வேலையல்ல. டிரம்மை வெளியே எடுக்க வேண்டும், பழையதைப் பிரஸ்ஸில் தள்ள வேண்டும். சுத்தியல் கொண்டு அடித்தால் பேரிங் உட்காரும் வார்ப்பிரும்புக் கூடு பிளந்துவிடும், பிறகு மெஷினே இல்லை. இதைக் கடைசல் பட்டறையிடம் விடுங்கள். பேரிங்கின் மேல் பொறித்த எண் வாசிக்கக் கிடைத்தால் புதிது வாங்குவது சிரமமில்லை. பேரிங்கைத் தொட்டால் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அறிகுறி 9: டைமர் நகரவில்லை

துவைத்துக்கொண்டே இருக்கிறது, அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. டைமர் அருகே காதை வையுங்கள்.

*சத்தமே இல்லை:* டைமரின் சிறிய மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது காயில் அறுந்துவிட்டது. அந்த மோட்டாரை மட்டும் தனியாக மாற்றலாம், முழு டைமர் தேவையில்லை.

*சத்தம் வருகிறது, டயல் நகரவில்லை:* உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். டைமரைக் கழற்றும் முன் ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டுங்கள். கான்டாக்ட் கிளீனர் தெளித்து, உலரவிட்டு, பற்களில் மட்டும் துளி கிரீஸ் வைத்தால் போதும். கேம் அடுக்கை (கான்டாக்ட்டுகளைத் தள்ளும் சக்கர அடுக்கு) பிரிக்காதீர்கள். கான்டாக்ட் பட்டை உடைந்திருந்தால் கடிகாரம், பழைய ரேடியோ பழுது பார்க்கிறவர்களில் கை நிதானமான ஒருவரைப் பிடியுங்கள். வாஷிங் மெஷின் மெக்கானிக்கைவிட அவர்களே இதற்குப் பொருத்தம்.

*நகர்கிறது, ஆனால் மெதுவாக:* மெஷினை இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுபோய்விட்டு இப்படி எழுதிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மெஷின் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை ஏற்றாது. அதனால் 30 நிமிடச் சுற்று 36 நிமிடம் ஆகும். துவைக்கும்போது நிமிடத்துக்கு 48 தடவை சுற்றும் டிரம் 40 தடவைதான் சுற்றும், ஸ்பின்னும் அதே விகிதத்தில் குறையும். இது பிழையல்ல, யாராலும் சரிசெய்ய முடியாது. பிழை வேறிடத்தில் வரும். 50 ஹெர்ட்ஸில் 115 வோல்ட் கொடுத்தால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகும். 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சூடு அடங்கும், ஆனால் இழுவை கொஞ்சம் குறையும், பாதித் துணிக்கு மேல் போட முடியாது. தினமும் ஓட்டும் எண்ணமிருந்தால், மோட்டாரையும் டைமர் மோட்டாரையும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, மோட்டார் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கடைந்துகொள்ளுங்கள். பெல்ட் நீளத்தையும் அதற்கேற்ப மறுபடி அளக்க வேண்டும்.